போதைக்குள் இருக்கும் பயம்: வீட்டில் இருப்பவர்களுக்கான எளிய விளக்கம்

"நாலு சாத்துச் சாத்தினால் எல்லாம் சரிவரும்." "ஒருக்கா மறியலுக்குப் போட்டு வந்தால் பயத்திலையே விட்டிடுவான்." "கலியாணத்தைக் கட்டி வைச்சால் பொறுப்பு வந்திடும்."

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குள் குடியோ தூளோ மாத்திரையோ புகுந்துவிட்டது என்று தெரிந்தால், படலையைத் திறந்து வருகிற ஒவ்வொருவரும் இப்படி ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆலோசனைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கிறது: அவனுக்குப் பயம் போதாது, கொஞ்சம் பயம் காட்டினால் திருந்திவிடுவான்.

போதைக்கு அடிமையானவரிடம் பயம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவர் ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பப் பாவிப்பதற்கு அந்தப் பயமே ஒரு பெரிய காரணம். அது எங்கிருந்து வருகிறது, மூளையில் எப்படி வேலை செய்கிறது, வீட்டார் என்ன செய்தால் கூடும், என்ன செய்தால் குறையும் என்பதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். (எங்கள் பக்கத்தில் சிகிச்சைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் உதாரணங்களும் அப்படியே அமைந்திருக்கின்றன. பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஆழமாக மறைக்க வேண்டியிருப்பதால் இன்னும் பிந்தித்தான் வருகிறார்கள்.)

மீற்றர் வட்டிக் கணக்கு

மீற்றர் வட்டிக்குக் காசு எடுத்து அவதிப்பட்ட ஒருவரையாவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மகளின் சாமத்தியச் சடங்குக்கோ படகின் எஞ்சினைத் திருத்தவோ அவசரத்துக்கு எடுத்திருப்பார். அன்றைக்கு நிம்மதி. அடுத்த கிழமை வட்டி கட்டவேண்டும், கையில் காசில்லை. அந்த வட்டியைக் கட்ட இன்னொருவரிடம் எடுப்பார். கொஞ்சக் காலத்தில், அவர் எடுக்கிற காசில் ஒரு சதமும் வீட்டுக்கு வராது, எல்லாம் பழைய வட்டிக்கே போகும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும்.

போதையும் இதே கணக்குத்தான். முதல் நாட்களில் கிடைக்கும் சந்தோசமும் துணிவும் நித்திரையும் நாளைய நிம்மதியிலிருந்து எடுத்த கடன். போதை இறங்கும்போது வருகிற பதற்றம் அதன் வட்டி. அந்தப் பதற்றத்தை அடக்க மறுபடி எடுப்பது வட்டி கட்ட எடுக்கும் புதுக்கடன். பல வருடம் குடித்தவரிடம் "இதிலை என்ன சந்தோசத்தைக் கண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சந்தோசம் போய்க் கனகாலம் என்றுதான் பலர் சொல்வார்கள். அவர்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூளையில் நடப்பது என்ன?

மூளையின் நரம்புகள் தமக்குள் செய்தி அனுப்பப் பாவிக்கும் இரசாயனங்களில் ஒன்று டொபமின். நல்லதொன்று கிடைக்கும்போது சுரந்து, "இதைத் திரும்பச் செய்" என்று பதியவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. சாராயம், ஹெரோயின், ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின் எல்லாம் இந்த டொபமினை இயற்கையான அளவைத் தாண்டி ஏற்றுகின்றன. மூளை சும்மா இருப்பதில்லை, தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளத் தன் உணர்திறனைக் குறைக்கிறது. அதனால் அதே சந்தோசத்துக்குக் கூடுதலாக எடுக்க வேண்டிவருகிறது. இதற்குப் பெயர் தாங்குதிறன்.

பலர் அறியாத பகுதி இனித்தான் வருகிறது. மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை முதலில் உணர்ந்து உடம்பை உசார்ப்படுத்துவது அதுதான். போதைப்பொருள் நாள்தோறும் உடம்பை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தால், அதை ஈடுசெய்ய மூளை அமிக்டலாவையும் அதனோடு சேர்ந்த பகுதிகளையும் முடுக்கிவிடுகிறது. போதை இறங்கியதும் அந்த முடுக்கம் மட்டும் தனியே மிஞ்சும். நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், வியர்க்கும், காரணமே இல்லாமல் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற எண்ணம் வரும். இவற்றைத்தான் விலகல் அறிகுறிகள் என்கிறோம். அவர் அந்த நேரத்தில் உணர்வது நடிப்பல்ல. புலி துரத்துகிற மனிதனின் உடம்பில் நடப்பதுதான் அவர் உடம்பிலும் நடக்கிறது. துரத்தும் புலிதான் இல்லை.

அப்போது ஒரு மிடறு குடித்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மூளை அதைக் கவனமாகப் படித்துக்கொள்கிறது. ஒரு துன்பத்தை நீக்குகிறது என்பதற்காகவே ஒரு செயல் பழக்கமாகி இறுகிப்போவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் கூப் பல ஆண்டுகளாக விளக்கிவருவது இதைத்தான்: அடிமைநிலை முற்ற முற்ற, இன்பத்தைத் தேடுவது குறைந்து, துன்பத்திலிருந்து தப்புவது கூடுகிறது.

இன்னொன்று. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் யோசித்து, பொறுத்து, "வேண்டாம்" என்று சொல்லும் இடம். பயம் ஏறும்போது அதன் பிடி தளர்கிறது. பயத்தில் உறைந்திருக்கும் ஒருவரிடம் "கொஞ்சம் யோசிச்சு நட" என்று கத்துவதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

சுருக்கமாக: போதை முதலில் சந்தோசம் தருகிறது, பிறகு பயத்தை வளர்க்கிறது, கடைசியில் தான் வளர்த்த பயத்துக்குத் தானே மருந்தாகி நிற்கிறது. வெளியிலிருந்து நாம் போடும் பயமும் இந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்கிறது.

எதற்கெல்லாம் பயம்?

காலையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து கோப்பைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கை நடுங்கித் தேநீர் சிந்தினால் மனைவி பார்த்துவிடுவாள், பிள்ளை பார்த்துவிடும் என்பதற்காக எழும்பியதும் கிணற்றடிப் பக்கம் போய், ஒளித்துவைத்த கால் போத்தலில் ஒரு மிடறு குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. விடிந்தவுடனேயே குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று வீட்டில் சண்டை வரும். உண்மையில் அவர் அந்த நடுக்கத்துக்குத்தான் பயப்படுகிறார்.

அதற்கடுத்தது வெட்கம். விட்டால் தெளிந்த கண்ணோடு எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்: அடைவுகடையில் மூழ்கிப்போன மனைவியின் தாலிக்கொடி, தன்னைக் கண்டதும் உள்ளே போய்விடும் மகள், கோயில் திருவிழாவில் முகம் கொடுத்துக் கதைக்காத சொந்தக்காரர். இளம் பெடியளுக்கு வேறு பயங்கள் இருக்கின்றன. மாத்திரை தந்தவனுக்குக் கொடுக்கவேண்டிய காசு, விலகினால் கூட்டாளிகள் செய்யக்கூடியது, பொலிசில் பெயர் போய்விட்டதோ என்ற சந்தேகம்.

எங்கள் மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. ஷெல்லடியையும் இடப்பெயர்வையும் 2009ஐயும் கண்டவர்களில் சிலர் இரவுக்குப் பயந்து குடிக்கத் தொடங்கினார்கள். கண்ணை மூடினால் வரும் காட்சிகளைச் சாராயம் மழுங்கடித்தது. கனவு காணும் நித்திரையை மது அமுக்கிவைக்கிறது. குடியை நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்த கனவுகள் முன்னைவிடக் கூடுதலாகப் பீறிக்கொண்டு வரும். மூன்றாம் இரவு அவர் அலறி எழும்பி மறுபடி போத்தலைத் தேடினால், மனவுறுதி இல்லாதவன் என்று தீர்ப்புச் சொல்வது பெரிய அநியாயம் என்பேன். அவருக்குக் குடிக்கு மட்டுமன்றி, போர் விட்டுச்சென்ற அந்தக் காயத்துக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும். மனநல வைத்தியரிடம் போகும்போது இந்தக் கனவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும்.

அந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது

"அறையிலை போட்டுப் பூட்டினால் நாலு நாளிலை சரியாகும்" என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் வரும்: இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிவார்கள், நாள் எது இடம் எது என்று தெரியாது, காய்ச்சலும் அடிக்கும். "காத்துக் கறுப்புப் பட்டிட்டுது" என்று நூல் கட்டக் கொண்டுபோய், பிந்தித்தான் வைத்தியசாலைக்கு வருபவர்கள் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். வைத்தியசாலையில் படிப்படியாகக் குறைக்கும் மருந்தும், தயமின் எனப்படும் விற்றமின் பி1உம் கொடுத்து இதைப் பாதுகாப்பாகக் கடக்கவைக்க முடியும்.

ஹெரோயினை நிறுத்தினால் 8 முதல் 24 மணித்தியாலத்தில் உடம்பு உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமின்மை தொடங்கி ஏறத்தாழ ஒரு கிழமை நீளும். மற்றபடி ஆரோக்கியமானவரை அது கொல்வது அரிது, ஆனால் அனுபவிப்பவருக்குச் சாவுபோல இருக்கும். ஐஸை நிறுத்தியவர் நாள் கணக்கில் தூங்குவார், பிறகு மனம் இருண்டுபோகும், தற்கொலை எண்ணம் வரலாம், தனியே விடக்கூடாது. நரம்பு வலிக்குக் கொடுக்கப்படுவதும் இப்போது இங்கே அதிகம் பிடிபடுவதுமான பிரிகபலின் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரக்கூடும்.

ஆகவே "விட்டால் செத்துப்போவன்" என்று அவர் சொல்லும்போது அதைச் சாட்டு என்று தள்ளாதீர்கள். "டொக்டரோடை கதைச்சு, கஷ்டம் குறைவா விடுற வழியைப் பார்ப்பம்" என்பதுதான் அதற்குப் பதில்.

வீட்டாருக்கும் ஒரு பயம்

வீட்டாரின் பயம் பெரும்பாலும் இரண்டு வழியில் வெளியே வரும். ஒன்று கோபமாக: திட்டு, அடி, சாபம், "செத்துத் துலை". அவமானமும் பதற்றமும் ஏறும், வட்டி கூடும், அவர் புதுக்கடனுக்கு ஓடுவார்.

மற்றது மூடிமறைப்பாக. இதைப்பற்றி நாங்கள் குறைவாகவே கதைக்கிறோம். வேலைக்குப் போகாத நாளில் மனைவி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து "அவருக்குக் காய்ச்சல்" என்பாள். கடன்காரன் வாசலில் நின்றால் அம்மா காப்பைக் கழற்றி அடைவு வைத்துக் கட்டுவா. கனடாவில் இருக்கும் அண்ணன், தம்பி அழுதான் என்று இன்னுமொருமுறை காசு அனுப்புவார். "வெளியிலை தெரிஞ்சால் தங்கச்சியின்ரை கலியாணம் குழம்பிடும்" என்று எல்லோரும் வாய்மூடி இருப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் போதையால் வரும் இழப்பு அவர் மேல் விழாதபடி வேறொருவர் தாங்கிக்கொண்டே இருந்தால், அவர் மாறுவதற்கான காரணங்களும் ஒவ்வொன்றாய்க் குறைந்துபோகும். ஒரே வீட்டில் அப்பா அடிப்பதும் அம்மா ஒளித்துக் காசு கொடுப்பதும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. அது அவரைப் பயப்படுத்தியபடியே போதைக்கும் வழி செய்து கொடுக்கிறது.

பேசும் நேரமும் பேசும் விதமும்

வெறியில் இருப்பவரோடு எதையும் பேசித் தீர்க்க முடியாது. விலகல் உச்சத்தில் இருக்கும்போதும் முடியாது. அவர் ஓரளவு தெளிந்து இருக்கும் நேரம் எது என்று வீட்டாருக்குத் தெரியும். அந்த நேரத்தில், ஒருவர் மட்டும், தணிந்த குரலில், ஒரே ஒரு விடயத்தைப் பேசவேண்டும்.

"நீயெல்லாம் ஒரு மனிசனே? பிள்ளையள் ரோட்டிலை தலைகாட்டேலாமல் கிடக்கு" என்று தொடங்கினால் அடுத்த சொல் காதில் ஏறாது. இதையே இப்படியும் சொல்லலாம்:

"இஞ்சருங்கோ, ராத்திரி நீங்கள் முத்தத்திலை விழுந்து கிடந்ததைப் பிள்ளை கண்டிட்டாள். எனக்கும் பயமாக் கிடக்குது. விடுறதெண்டால் உங்களுக்கும் பயம்தான் எண்டு எனக்கு விளங்குது. வியாழக்கிழமை கிளினிக் இருக்கு. நானும் உங்களோடை வாறன்."

இதில் நடந்தது சொல்லப்பட்டிருக்கிறது, பட்டம் சூட்டப்படவில்லை. சொல்பவர் தன் பயத்தை ஒளிக்கவில்லை, அவருடைய பயத்தையும் பொய் என்று தள்ளவில்லை. கடைசியில் சின்னதாக, நாள் குறித்த ஒரு வேலை இருக்கிறது. "இனிமேல் வாழ்நாளில் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு" என்பது பெரிய மலை. வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போவது ஏறக்கூடிய படி. முதல்முறை "போடி உன்ரை வேலையைப் பாத்துக்கொண்டு" என்ற பதில் வரலாம். வாதாடாமல் விட்டுவிட்டு, இன்னொரு தெளிந்த நேரத்தில் மறுபடி சொல்லவேண்டும்.

அதேபோல, அவர் பாவிக்காமல் இருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். ஒரு பின்னேரம் தெளிந்து வந்து பிள்ளைக்குச் சைக்கிள் செயின் பூட்டிக்கொடுத்தால், பழைய கணக்கை அப்போது எடுக்காதீர்கள். கிட்டப்போய் இருங்கள், பிடித்த சாப்பாட்டைக் கொடுங்கள், "இண்டைக்கு நல்லா இருந்தது" என்று சொல்லுங்கள். போதை இல்லாத நேரம் வசதியாக இருக்கிறது என்பதை அவருடைய மூளையும் படிக்கவேண்டும்.

எல்லை வேறு, மிரட்டல் வேறு

பயமுறுத்தாதீர்கள் என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. "இனிக் குடிச்சால் வீட்டை விட்டுத் துரத்துவன்" என்பது மிரட்டல். கோபத்தில் வரும், நிறைவேறாது, நிறைவேறாததால் அடுத்த முறை மதிப்பும் இராது. "காசு கையிலை தரமாட்டன். சாப்பாடு எப்பவும் இருக்கும். கடன்காரனுக்கு நான் இனிப் பதில் சொல்லமாட்டன். வைத்தியத்துக்கெண்டால் எந்த நேரமும் கூட வருவன்" என்பது எல்லை. சொல்பவர் தான் என்ன செய்வார் என்பதை மட்டும் அது சொல்கிறது. செய்து முடிக்கக்கூடியதை மட்டுமே எல்லையாக வையுங்கள். அம்மா, அப்பா, வெளிநாட்டு அண்ணன் மூவரும் ஒரே சொல்லில் நிற்கவேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி.

அடி விழும் வீட்டுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. அங்கே உங்களதும் பிள்ளைகளதும் பாதுகாப்புத்தான் முதல் வேலை. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது, பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. அடிப்பவரைப் பொறுமையாலும் நல்ல வார்த்தையாலும் மாற்றுவது மனைவியின் பொறுப்பு என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

சுருக்கமாக: தெளிந்த நேரத்தில் பேசுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், காசையும் மூடிமறைப்பையும் நிறுத்துங்கள், அன்பையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.

இது வேலை செய்யுமா?

அமெரிக்காவில் ரொபேர்ட் மையர்ஸ் என்பவர் இந்த வழியைக் 'கிராஃப்ட்' என்ற பெயரில் குடும்பத்தாருக்கான பயிற்சியாக வளர்த்தார். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிகாரர்களின் உறவினர் 130 பேரை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று வழிகளைப் பழக்கினார்கள். கிராஃப்ட் பழகிய குடும்பங்களில் 64 சதவீதத்தில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். குடும்பமாகத் திரண்டு அவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் வழியில் அது 30 சதவீதம். உறவினர் தங்கள் மனதை மட்டும் ஆற்றிக்கொள்ளும் வழியில் 13 சதவீதம். திரண்டு எதிர்கொள்ளும் குழுவில் பல குடும்பங்கள் கடைசிவரை அந்தச் சந்திப்பை நடத்தவே இல்லை. பெற்ற பிள்ளையைச் சுற்றி நின்று குற்றம் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

செய்யக்கூடாத சில

அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ மருந்து கலக்காதீர்கள். குடியை நிறுத்தும் டைசல்பிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் கடும் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும், இதயத்துக்கும் ஆபத்து. சம்மதத்தோடு, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கவேண்டியது அது.

கோயிலில் சத்தியம் பண்ணுவது, அவரே விரும்பிச் செய்தால் சிலருக்கு நல்ல ஊன்றுகோல். இழுத்துக்கொண்டுபோய்ச் செய்வித்தால், தவறிய நாளில் தெய்வகுற்றம் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். கலியாணம் கட்டிவைப்பது பற்றி ஒன்றே ஒன்று: இன்னொரு வீட்டுப் பிள்ளையை மருந்தாகக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம். அப்படியொரு புனர்வாழ்வு நிலையம் இருக்கும் கந்தக்காடு என்ற பெயரை இங்கே எல்லா வீடுகளும் கேள்விப்பட்டிருக்கும். அங்கிருந்தோ மறியலிலிருந்தோ வேறு எந்த இடத்திலிருந்தோ திரும்பி வருபவர் வீட்டில் இருந்தால், இதை அவருக்கும் சொல்லிவையுங்கள்: சில கிழமை எடுக்காமல் இருந்தால் தாங்குதிறன் இறங்கிவிடும். முன்பு எடுத்த அளவு ஹெரோயினை மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம்.

மீண்டும் ஒருமுறை பாவித்துவிட்டால் அதை மீள்வீழ்ச்சி என்பார்கள். நீண்டகால நோய்களில் இது நடப்பதுதான். "எல்லாம் போச்சு" என்ற ஓலம் அவரை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். எந்தப் பயம், எந்த நேரம், யாரோடு என்று அடுத்த நாள் நிதானமாகக் கேட்டால் அடுத்த முறைக்கான தடுப்பு அதிலிருந்தே கிடைக்கும்.

அவர் வரமறுத்தால்?

நீங்கள் போகலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. தொலைபேசியில் கதைக்க, தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன. உங்களுக்கே நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் வைத்தியம் வேண்டிய ஒன்று.

போகுமுன் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் எதைப் பாவிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது, ஊசி ஏற்றுகிறாரா, வேறு நோய்க்கு எந்த மருந்து எடுக்கிறார். காற்சட்டைப் பையில் கண்டெடுத்த மாத்திரை மட்டை இருந்தால் எறியாமல் கொண்டுபோங்கள். முன்பு குடியை நிறுத்தியபோது எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், வைத்தியரிடம் அதை முதலாவதாகச் சொல்லுங்கள்.